கை ஓயும் இடம்

கொழும்பு ஜிந்துப்பிட்டியிலிருந்து விவேகானந்த மேட்டுப் பக்கம் ஏறினாலும் சரி, கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பினாலும் சரி, மொண்டிசோரி என்று பலகை மாட்டிய வீடொன்றைத் தாண்டாமல் போவது கஷ்டம். மூன்று வயதுப் பிள்ளையைக் காலையில் கொண்டுபோய் விடுகிற இடத்துக்கு இந்த நகரத்தில் அதுதான் பெயர். உள்ளே எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சின்னக் கதிரைகள், கோடு போட்ட கொப்பிகள், சுவர் நிறையக் கார்ட்டூன் படங்கள். புள்ளி வைத்த தடத்தின்மேல் பிள்ளைகள் ஆங்கில எழுத்தைப் பென்சிலால் இழுத்துக்கொண்டிருப்பார்கள். அண்மைக்காலமாகச் சில இடங்களில் மூலையில் ஒரு டீவியும் இருக்கிறது. மழை நாளில் ரீச்சருக்குக் கைகொடுக்கிறது. பலகைக்கு உரிய அம்மையார் இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டு நடப்பேன். அவர் இந்த நாட்டுக்கு வராதவரும் அல்ல.

மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அழைத்தவர்கள் ஜோர்ஜ் அருண்டேலும் ருக்மிணிதேவியும். அப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயது. சில மாதங்கள் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. முந்நூறு பேரளவில் படிக்கச் சேர்ந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு அவரும் கூட வந்திருந்த மகனும் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். மகன் மாரியோவை முகாமில் அடைத்தார்கள். தாயை அடையாற்றைவிட்டு அசையக்கூடாது என்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அதற்குப் பரிசாக மகனை விடுவித்தார்கள். பேரரசுகளுக்கும் சில நேரம் நல்ல மனம் வரும். அதன்பின் கொடைக்கானல். அங்கே அவரோடு வேலை செய்தவர்களில் லீனா விக்ரமரத்ன என்ற இலங்கைப் பெண்ணும் ஒருவர். 1944இல் மொண்டிசோரி இலங்கைக்கு வந்து இங்கேயும் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார். ஆகவே கொட்டாஞ்சேனைப் பலகைகளுக்கு ஒரு வமிசம் உண்டு, மங்கலாகத்தான் என்றாலும்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அடையாறு வந்ததற்கும் 32 ஆண்டு முந்தியது. 1907 ஜனவரி 6, ரோம் நகரம், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. அதைச் சொல்லுமுன் கொழும்புக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே தோட்டம் என்றால் மரமும் செடியும் கிடையாது. பிரதான வீதியில் இரண்டு கடைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு தெரியும். அதற்குள் நுழைந்தால் முதுகோடு முதுகு ஒட்டிய ஓரறை வீடுகள், எதிரே வருகிறவருக்காகப் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டிய சந்து, ஒரு பொதுக் குழாய், அதைச் சுற்றி வாளிகள். தோட்டங்களுக்குப் பெரும்பாலும் பெயர்கூட இல்லை, இலக்கம்தான். ஜிந்துப்பிட்டி என்ற ஊரின் பெரும்பகுதி இந்த இடுக்குகளுக்குள்தான் இருக்கிறது. கோவிலுக்கும் நகைக்கடைக்கும் வந்து போகிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

சான் லொரென்சோவும் ஏறக்குறைய அப்படியான இடந்தான். ஒரு கட்டட நிறுவனம் பழைய குடியிருப்புகளைத் திருத்தி வாடகைக்கு விட்டிருந்தது. தாயும் தகப்பனும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பாடசாலை வயது வராத பிள்ளைகள் நாள் முழுக்கப் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து, சுவரில் கிறுக்கி, புதுச் சுண்ணாம்பைப் பாழாக்கினார்கள். சுவரைத் திரும்பத் திரும்பப் பூசுவதைவிட ஓர் அறையைக் கொடுத்து ஒருவரைக் காவலுக்கு வைத்தால் செலவு குறையும் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. ஐம்பது பிள்ளைகள். முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியை கூடக் கிடையாது. அந்த அறையின் பொறுப்பைத்தான் டொக்டர் மொண்டிசோரி ஏற்றார். உலகத்தின் மிக விலையுயர்ந்த முன்பள்ளிகள் சில இன்று வைத்திருக்கும் பெயர், தோட்டத்துப் பிள்ளைகள் சுவரைக் கெடுக்காமல் இருக்க ஒதுக்கிய அறையிலிருந்து வந்தது. கொழும்பில் அது மாதக் கட்டணமும் சீருடையும் சப்பாத்துமாக ஆகி, தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது.

அந்த அறையில் நடந்த ஒரு சம்பவத்தை மொண்டிசோரி தன் நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒரு நீளமான மரக்கட்டை. அதில் வரிசையாகப் பத்துக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் பொருத்தமான, தலையில் குமிழ் வைத்த ஓர் உருளை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலக்கிவிட்டு மறுபடி அததன் குழியில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இதைச் செய்துகொண்டிருந்தாள். முடித்தாள், கலக்கினாள், மறுபடி தொடங்கினாள். மொண்டிசோரி மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார். சிறுமி நிமிரவில்லை. அவள் இருந்த கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கட்டையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள். எண்ணியதில் நாற்பது தடவைக்கும் மேல். பிறகு, யாரும் சொல்லாமல், அவளாகவே நிறுத்தினாள். நல்ல நித்திரையிலிருந்து எழும்பியவள்போல முகம் தெளிந்திருந்தது. அதற்குமுன் நடந்த அமளி எதுவும் அவளைத் தொட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கதையில் எல்லோரும் அந்த நாற்பது தடவையைத்தான் வியப்பார்கள். எனக்கு அவள் நிறுத்தியதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஏனென்றால் அசையாமல் இருப்பதை மட்டும் பார்த்தால், அந்தச் சிறுமிக்குச் சற்றும் குறையாத பிள்ளைகளை நான் தினமும் காண்கிறேன். ஜிந்துப்பிட்டித் தோட்டமொன்றின் வாசற்படியில் நான்கு வயதுப் பையன், மடியில் போன். தலைக்கு மேலே துணி காய்கிறது, சொட்டுத் தண்ணீர் தோளில் விழுகிறது. ஓட்டோ ஒன்று முழங்காலை உரசுகிற மாதிரித் திரும்புகிறது. பக்கத்து வீட்டில் சண்டை. அவன் நிமிரவில்லை. அதே அடங்கிய மூச்சு, அதே பாதி திறந்த வாய். பிள்ளைகளின் கவனம் சிதறிப்போகிறது என்று பெரியவர்கள் புலம்புவது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. போன் பிடித்த பிள்ளையிடம் சிதறல் எங்கே இருக்கிறது? இத்தனை கவனத்தோடு பூசை செய்கிற ஐயரைக்கூட நான் கண்டதில்லை. வித்தியாசம் தாய் வந்து போனைக் கேட்கும்போதுதான் தெரியும். அவன் தரையில் விழுந்து புரண்டான். "கடைக்கு நேரமாச்சு. இன்னும் ஒன்னு மட்டும்னு சொல்லித்தான் குடுத்தேன். அது பாட்டுக்கு நாலு ஓடிருச்சு" என்றாள் தாய், என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில். அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அது பாட்டுக்கு ஓடியது என்பதுதான் முழு உண்மை. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும் வழக்கம் யூடியூபில் 2015இல் வந்தது. பார்க்கிறவர் வேண்டாம் என்று போய் அணைத்தாலொழிய அது நிற்காது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் கணக்குகளில் அதை முன்கூட்டியே அணைத்து வைப்பதாக அந்த நிறுவனம் 2021 ஓகஸ்டில் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் ஜிந்துப்பிட்டியில் எந்தப் பிள்ளை தன் பெயரில் கணக்கு வைத்துப் பார்க்கிறது? அப்பாவின் போன், அப்பாவின் கணக்கு, நாற்பது வயதுக்காரன் பார்ப்பதாகத்தான் இயந்திரத்துக்கு எண்ணம். அந்தப் பையன் விழுந்து அழுதது பிடிவாதத்தால் அல்ல. முடிவே இல்லாத ஒன்றை நடுவில் அறுத்தார்கள். எந்த இடத்தில் அறுத்தாலும் அது நடுதான்.

திரை என்ற சாமான் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. ஜிந்துப்பிட்டியில் முருகன் தியேட்டர் இருந்தது. கொட்டாஞ்சேனையில் செல்லமஹால் இருந்தது. இடுப்பில் தூக்கிப்போன பிள்ளைகள் மூன்று மணித்தியாலம் வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு சுபம் என்று எழுத்து விழும், விளக்கு எரியும், கூட்டம் தள்ளும், கால் மரத்துப்போய் வெளியே வந்தால் கடலை வண்டி நிற்கும். வீட்டுக்கு வந்த பிள்ளை தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வாள்சண்டை போடும். படம் முடிந்தபடியால்தான் அந்தச் சண்டை தொடங்கியது.

கையால் செய்கிற வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளுக்குப் போனால் அதற்கென்றே பெட்டி பெட்டியாக விற்கிறார்கள்: நூலில் கோக்கும் மரமணி, வெட்டி ஒட்டும் தாள், பிசையும் வண்ண மாவு, கணிதம் வளர்க்கும் கட்டை, மூளை வளர்க்கும் ஏதோ ஒன்று. மூளையும் கையும் எப்படிச் சேர்ந்து வளர்கின்றன என்று பெட்டியின் முதுகில் அச்சடித்திருக்கிறார்கள். வசதி இருப்பவர் வாங்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகளில் பாதி வேலை முடிந்துதான் வருகிறது. துளை போட்டிருக்கும், வெட்ட வேண்டிய கோடு கீறியிருக்கும், வர வேண்டிய உருவம் மேலட்டையில் சிரிக்கும். பிள்ளை பிழைவிட இடமே இல்லை. மொண்டிசோரியின் உருளைக் கட்டையில் பிழைக்கு இடம் உண்டு, அதுதான் அதன் சூட்சுமம். ஒரு மெல்லிய உருளையை அகலக் குழியில் போட்டுவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. கடைசியில் கையில் ஒரு தடித்த உருளை மிஞ்சும், எதிரே ஒரு சின்னக் குழி மிஞ்சும். யாரும் தலையில் குட்ட வேண்டியதில்லை. கட்டையே சொல்லிவிடும்.

அப்படிச் சொல்லிவிடுகிற சாமான்கள் ஜிந்துப்பிட்டியில் காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. கொழும்பில் கையால் பிழைக்கிறவர்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கிற இடம் வேறு இருக்குமோ தெரியாது. செட்டியார் தெருவின் நகைக்கடைகளுக்குப் பின்னால் பட்டறைகள். அங்கே கூட்டிய குப்பையைக்கூட எறிய மாட்டார்கள், அதில் பொன் துகள் இருக்கும். தையல் மெசின், பித்தளைப் பாத்திரத்துக்கு ஒட்டுப் போடுகிறவர், அப்பச்சட்டியோடு மாலையில் உட்காருகிற பெண்கள். முருகன் கோவில் பக்கம் பூக்கட்டுகிறவர்கள்.

அவர்களில் ஒரு பாட்டியையும் அவருடைய பேத்தியையும் நான் பல நாள் பார்த்திருக்கிறேன். பேத்திக்கு ஐந்து வயது இருக்கும். வாழைநார் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். இரண்டு பூ ஒரு பக்கம், இரண்டு பூ மறுபக்கம், காம்போடு காம்பு சேர்த்து இடதுகை விரல்களுக்கு நடுவே பிடிக்க வேண்டும். வலதுகையால் நாரை ஒருமுறை சுற்றி, விரலில் ஒரு வளையம் எடுத்து, காம்புகளுக்கு மேலாகப் போட்டு இழுக்க வேண்டும். எழுத இரண்டு வசனம் ஆகிறது. பாட்டிக்குப் பேசிக்கொண்டே ஒரு நொடி. சிறுமிக்கு எல்லாம் அந்த இழுப்பில்தான் இருந்தது. கூட இழுத்தால் காம்பு அறுந்து பூ மடியில் விழும். குறைய இழுத்தால் அப்போதைக்கு நிற்கும், அடுத்த முடிச்சுப் போடும்போது முந்தியது வழுக்கிக் கழன்றுவிடும். எவ்வளவு இழுப்பு என்பதை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. பாட்டி சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

"பாட்டி, இது அவுந்துருச்சு."

"அவுந்தா கட்டு."

"நீங்க கட்டித் தாங்க."

"எனக்கு என் மாலை இருக்கு. ஒனக்கு ஒன் மாலை."

இவ்வளவுதான் பாடம். மடியில் தலையறுந்த பூக்கள் சேர்ந்துகொண்டே போயின. ஒரு சாண் நீளத்துக்கு வந்ததும் சிறுமி அதைத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் ஒரு இடம் வழுக்கை விழுந்திருந்தது. அதை விரலால் தடவினாள். பிரித்துக் கட்டுவாளோ என்று பார்த்தேன். இல்லை. நாரைக் கடித்து அறுத்து, மாலையைப் பாட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அழைக்கவில்லை, அதட்டவில்லை, இன்னும் ஐந்து நிமிஷம் என்று பேரம் இல்லை. அவளுடைய வேலை முடிந்தது, போனாள். பாட்டி அந்த ஒரு சாணை விற்பனைக் கூடையில் போடாமல் கடையில் தொங்கிய முருகன் படத்துக்குச் சாத்தினார்.

விற்பனைக் கூடையில் போடவில்லை என்பதை நான் வேண்டுமென்றே குறிப்பிடுகிறேன். பிள்ளையின் கைக்கு வேலை என்று பேசத் தொடங்கினால், இந்த நாட்டில், குறிப்பாக எங்கள் சமூகத்தில், உடனே கூசவேண்டிய ஓர் இடம் வருகிறது. மலையகத்திலிருந்து சிறுமிகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குக் கொண்டுவந்த கதை தலைமுறை தலைமுறையானது. 2021 ஜூலையில் அப்படி வந்த பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி, ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தவள், தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதைப் பதினான்கிலிருந்து பதினாறாகச் சட்டத்தில் உயர்த்தியிருந்தார்கள். "அந்தக் காலத்தில் பிள்ளைகள் எல்லா வேலையும் செய்தார்கள்" என்று பெருமூச்சு விடுகிற கட்டுரைகளை எனக்குப் பிடிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள், எப்போது நிறுத்த விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த பிள்ளை தான் நினைத்தபோது நிறுத்த முடியாது. வேலையாளின் கையில் கொடுத்த பாத்திரம் தீராது. ஒன்று கழுவினால் அடுத்தது வரும். அந்த வகையில் அதுவும் தானாக ஓடுகிற வீடியோவும் ஒரே சாதி என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். துயரத்தில் ஒப்பே இல்லை, ஆனால் இரண்டிலும் முடிவு பிள்ளையின் கையில் இல்லை.

பாட்டியின் கடையில் அது சிறுமியின் கையில் இருந்தது. சமையலறையிலும் அப்படி இருக்க முடியும், பெரியவர்கள் அவசரப்படாவிட்டால். முருங்கையிலை ஆய்வது மூன்று வயதுக்கு ஏற்ற வேலை; காம்பு வேறு இலை வேறு, சுளகு காலியானால் முடிந்தது. பயறில் கல் பொறுக்கலாம். பூண்டை உரிக்கலாம், கண் எரியாது. இடியப்ப மாவைத் தொட்டுப் பார்த்து இன்னும் சுடுநீர் வேண்டுமா என்று சொல்லச் சொன்னால் சரியாகவே சொல்வார்கள், ஓரிரு கிழமைப் பழக்கத்தில். வாசலில் கோலம் போடுகிற வீடுகளில் புள்ளி வைக்கும் வேலையைக் கொடுக்கலாம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும் கம்பிக்கோலத்தில் கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். சேராவிட்டால் எங்கோ ஒரு திருப்பம் பிழைத்திருக்கிறது என்று கோலமே காட்டிவிடும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும் கமலா கிரித்திவாசனும் 1974இல் கோலங்களின் இலக்கணத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனார்கள். படிப்பறியாத பெண்கள் விடியற்காலையில் குனிந்து போட்டுவந்த சமாசாரம் அது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, போனை ஏன் கொடுக்கிறாய் என்று வாசற்படித் தாயைக் கேட்டால் அவள் காறித் துப்பினாலும் தகும். போன் எப்படி வீட்டுக்குள் வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடின. பாடம் வட்ஸ்அப்பில் வந்தது, ஆறு வயதுப் பிள்ளைக்கும். இரண்டு பிள்ளைக்கு ஒரு போன், மூன்று பிள்ளைக்கு ஒரு போன். அதே ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் ஜிந்துப்பிட்டியில் ஒருவருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களைக் குழந்தை குட்டியோடு பஸ்ஸில் ஏற்றித் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பத்துக்குப் பத்து அறையில் அடைந்து கிடந்த பிள்ளையை இரண்டு கிழமை சமாளிக்க வேறு என்ன இருந்தது? பிறகு 2022. டொலர் இல்லை, கடதாசி இல்லை. மார்ச்சில் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தாள் இல்லாமல் தள்ளிப்போட்டார்கள். பிள்ளைக்கு வரையத் தாள் வாங்கும் காசில் ஒரு இறாத்தல் பாண் வாங்கலாம் என்று தாய்மார் கணக்குப் பார்த்த காலம். போனில் வரைந்தால் தாள் வேண்டாம். மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. போன் செத்துக் கிடந்த அந்த இருட்டு நேரங்களில் தோட்டத்துச் சந்துகள் மறுபடி பிள்ளைகளால் நிரம்பின. கொக்கான் கல் தட்டும் சத்தம் கேட்டது. அதை ஒரு நல்ல காலமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது.

திரைக்கும் பேச்சுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு பரிசோதனை உண்டு; சொல்லாமல் விடக் கூடாது, ஏனென்றால் "போன் பார்த்துத்தான் பிள்ளை இங்கிலிஸ் பேசுது" என்பது கொழும்பில் ஒரு பெருமை. சியாட்டில் நகரத்தில் பட்ரிசியா கூல் என்ற விஞ்ஞானியும் சகாக்களும் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து நடத்தி 2003இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குச் சீனமொழி பேசுகிறவர்களை நேரில் உட்காரவைத்து, பொம்மை காட்டி, கதை வாசித்துப் பன்னிரண்டு அமர்வுகள் நடத்தினார்கள். சீனமொழியின் ஒலி வேறுபாடுகள் குழந்தைகளின் காதுக்குப் பிடிபட்டன. அதே ஆட்களை, அதே பேச்சை வீடியோவில் காட்டிய குழந்தைகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குழந்தைக்கு ஒலி மட்டும் போதாது. தான் பார்க்கும் இடத்தைக் கூடவே பார்க்கிற ஒரு ஆள் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் பதினெட்டு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்குத் திரை வேண்டாம் என்றபோது, நேருக்கு நேர் பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கை எழுதியவர்களுக்குக் கனடாவின் ஸ்காபரோவில் பேரனும் வெள்ளவத்தையில் அம்மம்மாவுமாகப் பிரிந்து வாழ்கிறவர்களைத் தெரியாது. ஆனாலும் அது எங்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. அம்மம்மா இங்கே கீரை ஆய்ந்துகொண்டு அங்கே பேரனுக்குக் காட்டுகிறார். அவன் அங்கே ஒரு கட்டுக் கொத்தமல்லியை வைத்துக்கொண்டு ஆய்கிறான். அதைத் திரை நேரம் என்று யார் கணக்கெடுப்பது?

எழுத்துக்கு வருவோம். விஜயதசமியன்றும் தைப்பூசத்தன்றும் இங்கே கோவில்களில் ஏடு தொடக்குவார்கள். தட்டில் பச்சை அரிசி பரப்பியிருக்கும். ஐயரோ தாத்தாவோ பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் அகரத்தை எழுதுவிப்பார். கூட்டம், புகை, அழுகை. ஆனாலும் விரலின் கீழே அரிசி விலகுவதும், விலகிய இடத்தில் எழுத்து நிற்பதும் அந்தப் பிள்ளை உணர்ந்த விஷயம். சான் லொரென்சோவில் மொண்டிசோரி செய்ததும் இதுவே. எழுத்துக்களை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவவைத்தார். பென்சில் கொடுத்து எழுதச் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு குளிர்கால நாளில் மொட்டைமாடியில் ஐந்து வயதுப் பையனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன் திடீரென்று எனக்கு எழுத வருகிறது என்று கத்திக்கொண்டு தரையில் எழுதத் தொடங்கினான். முதலில் எழுதிய சொல் கை. அடுத்தது புகைபோக்கி, அதற்கடுத்தது கூரை.

எங்களிடம் அந்தத் தடவல் ஒரே ஒரு காலை நேரத்துக்குத்தான் இருக்கிறது. அரிசியைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்த மறுநாளே நாலு கோட்டுக் கொப்பி. காரணம் எல்லோருக்கும் தெரியும்: ஐந்து வயதில் முதலாம் தரம், பத்து வயதில் புலமைப்பரிசில், இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட்டால் பிந்திவிடுவோம் என்ற பயம். மொண்டிசோரிப் பலகை வைத்த ரீச்சர்மாரைக் கேட்டால் அவர்கள் சொல்வதும் நியாயம். பிள்ளை நாள் முழுக்க முடிச்சுப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் பெற்றோர் கொப்பியைத் திறந்து பார்த்து, என்ன படிப்பித்தீர்கள் என்று கேட்பார்கள். மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். கட்டி முடித்த பூமாலையைக் கொப்பியில் ஒட்ட முடியாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான வழிகாட்டலை வெளியிட்டது. இரண்டிலிருந்து நான்கு வயதுவரை திரைக்கு முன்னால் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்ற வரி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதே ஆவணத்தில் அந்த வயதுப் பிள்ளை நாளுக்கு 180 நிமிஷமாவது உடம்பை அசைத்து ஓடியாட வேண்டும் என்றும் இருக்கிறது. ஒரு மணித்தியாலத்தைச் சொல்லித் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இந்த மூன்று மணித்தியாலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அது தாயின் பொறுப்பில் இல்லை. தோட்டத்துச் சந்தில் எங்கே ஓடுவது? வெளியே வந்தால் கொள்கலன் லொறி. தோட்டங்களை இடித்துவிட்டு ஏற்றிவிடுகிற தொடர்மாடிகளில் பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரம். கீழே இறக்கிவிட்டால் கண்ணில் படாது, மேலே வைத்திருந்தால் பக்கத்து வீட்டார் சத்தம் என்பார்கள். சந்தில் என்றால் பத்துக் கண் பார்த்துக்கொண்டிருக்கும். மாடியில் கதவைப் பூட்டிவிட்டுப் போனைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே வேலைகளின் பட்டியல் அல்ல இங்கே குறைவது, அறை. 1907இல் ஒரு வாடகை நிறுவனம் சுண்ணாம்புச் செலவை மிச்சம்பிடிக்கக் கொடுத்ததைப் போன்ற ஒன்று. பெரிதாக வேண்டியதில்லை. ஒரு பாய், ஒரு சுளகு, ஊறவைத்த நார், நாலு கிலோ பயறு, பார்த்துக்கொண்டு தன் வேலையைச் செய்யத் தெரிந்த ஒரு பாட்டி, அவருக்கு மாதம் ஒரு கூலி. ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் கோவில்களுக்கும் தேவாலயங்களுக்கும் சங்கங்களுக்கும் மண்டபங்கள் இருக்கின்றன. கலியாணமும் அந்தியேட்டியும் கூட்டமும் பெரும்பாலும் சனி ஞாயிறில். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அவற்றில் எத்தனை திறந்திருக்கின்றன என்று ஒருநாள் நடந்து பார்க்கலாம், அதிகத் தூரம் இல்லை. திறப்பு யாரிடம் என்று விசாரித்தால் தலைவரிடம் என்பார்கள். தலைவர் செட்டியார் தெருவில் கடையில் இருப்பார், மத்தியானத்துக்கு முன் போனால் ஆளைப் பிடிக்கலாம்.